ஒரே வீட்டில் இரண்டு ரேடியோ: ஒன்று பேசும்போது மற்றொன்று ஏன் செவிடாகிறது?

கேள்வி: தேவகோட்டை வாசகர், 2023 செப்டம்பர் 9, மாலை 6.10

நான் ஹாம் ரேடியோக்காரன். ஒரே மேசையில் இரண்டு எச்.எஃப். (சிற்றலை) டிரான்ஸீவர்களை, அதாவது பேசவும் கேட்கவும் ஆகிற ரேடியோக்களை, வைத்திருக்கிறேன். ஒன்றில் 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ்) பேசும்போது, 20 மீட்டரில் (14 மெகாஹெர்ட்ஸ்) கேட்டுக்கொண்டிருக்கும் மற்றொன்றில் கரகரவென்ற இரைச்சலைத் தவிர வேறெதுவும் கேட்பதில்லை. இரண்டும் 100 வாட் ரேடியோக்கள். மொட்டைமாடியில் இரண்டு டைபோல்களும் (நேர்க்கம்பி ஆன்டெனாக்கள்) 12 மீட்டர் இடைவெளியில் ஒன்றுக்கொன்று இணையாகக் கட்டப்பட்டுள்ளன. ரிசீவர் தரம் போதவில்லை என்றே நினைக்கிறேன். அதற்கு முன்னால், ஒரு பேண்டை மட்டும் உள்ளே விடும் நல்ல பேண்ட்பாஸ் ஃபில்டர் ஒன்றை மாட்டிவிட்டால் சரியாகிவிடும் அல்லவா? எதை வாங்கலாம்?

பதில்: 2023 செப்டம்பர் 9, இரவு 9.30

இப்போதே வாங்க வேண்டாம். எந்த ரேடியோவில் மாட்டுவது என்று தெரிந்துகொண்ட பிறகு வாங்குங்கள். நானும் இதே எண்ணத்தில் ஒரு ஃபில்டர் வாங்கி ரிசீவருக்கு முன்னால் மாட்டினேன். இரைச்சல், சமிக்ஞையின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு கோடுகூட இறங்கவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு மாதம் ரிசீவர்மீதே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். குறை பேசுகிற ரேடியோவில் இருந்தது.

7.050 மெகாஹெர்ட்ஸில் பேசும் டிரான்ஸ்மிட்டர், தான் பேசும் அலைவரிசையோடு நிற்பதில்லை. அதன் இரட்டிப்பான 14.100-இலும், மும்மடங்கான 21.150-இலும், நான்மடங்கான 28.200-இலும் சிறிதளவு சக்தியைச் சேர்த்தே அனுப்புகிறது. இவற்றை ஹார்மோனிக் என்பார்கள்; 14.100-இல் விழுவது இரண்டாம் ஹார்மோனிக். நீங்கள் கேட்க விரும்பும் நிலையமும் 14.100-இல் இருந்தால், இரண்டும் ஒரே அலைவரிசையில் ஆன்டெனாவுக்குள் வருகின்றன. அரிசியின் அளவிலேயே இருக்கும் கல்லை எந்தச் சல்லடையாலும் பிரிக்க முடியாது. உலையில் போடுவதற்கு முன்பே முறத்தில் பார்த்துப் பொறுக்கியிருக்க வேண்டும். இங்கே முறம் என்பது டிரான்ஸ்மிட்டரின் வெளிவாய்.

ரிசீவருக்கு முன்னால் வைக்கும் ஃபில்டருக்கும் வேலை உண்டு. பக்கத்திலிருந்து வரும் 7 மெகாஹெர்ட்ஸ் அலையே பெரும் பலத்தோடு உள்ளே புகுந்து ரிசீவரின் முதல் கட்டத்தைத் திணறவைத்தால், அதை அந்த ஃபில்டர் தடுக்கும். ஆகவே உங்களிடம் இருப்பது திணறலா, டிரான்ஸ்மிட்டரிலிருந்து வரும் மெய்யான இரைச்சலா என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

2023 செப்டம்பர் 10, காலை 7.15

எண்களாகப் பார்த்தால் தெளிவாகும். ஒரு மில்லிவாட்டை 0 டிபிஎம் என்று வைத்து, ஒவ்வொரு பத்து மடங்குக்கும் 10 டெசிபல் கூட்டினால், 100 வாட் என்பது 50 டிபிஎம். இரண்டாம் ஹார்மோனிக் 50 டெசிபல் கீழே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் அது 0 டிபிஎம், அதாவது ஒரு மில்லிவாட். இரு ஆன்டெனாக்களுக்கும் இடையில் 40 டெசிபல் இழப்பு இருந்தால், அடுத்த ரிசீவருக்கு வருவது மைனஸ் 40 டிபிஎம். எச்.எஃப். பேண்டுகளில் எஸ்9 என்பது மைனஸ் 73. எனவே உங்கள் சொந்த ஹார்மோனிக் எஸ்9-க்கு மேல் 33 டெசிபல் பலத்தோடு வந்து உட்காருகிறது. டிரான்ஸ்மிட்டர் தன் தர அளவுக்குள் சரியாக வேலை செய்யும்போதே நிலைமை இது. ரேடியோ பழுதாகிவிட்டது என்று யாரும் திறந்து பார்க்க வேண்டாம்.

சோதனை எளியது. ரிசீவரில், வரும் சமிக்ஞையைக் குறைப்பதற்காக உள்ள அட்டனுவேட்டரை 10 டெசிபலுக்குப் போடுங்கள். தொந்தரவும் சரியாக 10 டெசிபல் குறைந்தால், அது அந்த அலைவரிசையிலேயே வந்த மெய்யான சமிக்ஞை. டிரான்ஸ்மிட்டர் பக்கம் போய் மருந்து தேடுங்கள். 20, 30 என்று சரிந்து விழுந்தால், அது ரிசீவர் தனக்குள்ளேயே உண்டாக்கிக்கொண்டது; ரிசீவருக்கு முன்னால் ஃபில்டர் வையுங்கள்.

2023 செப்டம்பர் 13, இரவு 10.05

மேலே நான் எழுதிய சோதனை முழுமையானதன்று, திருத்துகிறேன். அட்டனுவேட்டரைப் போட்டதும் சரியாக 10 டெசிபல் குறையும் தொந்தரவு இன்னொன்றும் இருக்கிறது. ரிசீவருக்குள் அலையை உண்டாக்கும் சுற்றான ஆஸிலேட்டருக்கும் சிறிது இரைச்சல் உண்டு. பலமான பக்கத்து அலை அந்த இரைச்சலோடு கலந்து, நாம் கேட்கும் அலைவரிசையில் ஒரு சீறலாக விழும். அந்தச் சீறல் பக்கத்து அலையின் பலத்துக்கு நேர் விகிதத்தில் ஏறி இறங்குவதால், டிரான்ஸ்மிட்டர் இரைச்சலைப் போலவே அட்டனுவேட்டருக்கு 10-க்கு 10 பணிந்துபோகும். இரண்டையும் காது பிரித்தறியாது.

பிரிப்பதற்கு வழி, நண்பர் ஒருவரிடமிருந்து 20 மீட்டர் பேண்ட்பாஸ் ஃபில்டரை ஒரு மாலைப்பொழுதுக்கு இரவல் வாங்கி, ரிசீவருக்கு முன்னால் மாட்டிப் பார்ப்பதுதான். சீறல் அடங்கினால் குற்றம் ரிசீவரில்; அடங்காவிட்டால் டிரான்ஸ்மிட்டரில். முதல் நாளே நான் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். தேவகோட்டை நண்பர் ஏற்கெனவே ஒருமுறை இப்படிச் செய்து பார்த்ததாகவும், மாற்றமே இல்லை என்றும் இன்று தெரிவித்திருக்கிறார். ஆகவே அவருடைய தொந்தரவின் பெரும்பகுதி டிரான்ஸ்மிட்டரிலிருந்து வருகிறது.

2023 செப்டம்பர் 17, பிற்பகல் 3.40

கடையில் வாங்கும் ஃபில்டரைவிட மிகக் குறைந்த செலவில், ஒரு துண்டு கோஆக்ஸ் கேபிளாலேயே பாதி வேலையை முடிக்கலாம். 7.1 மெகாஹெர்ட்ஸின் கால் அலைநீளம் 10.56 மீட்டர். கேபிளுக்குள் அலை மெதுவாகச் செல்வதால், திட பாலித்தீன் கேபிளின் வேகக் காரணியான 0.66-ஆல் பெருக்கினால் 6.97 மீட்டர். அந்த நீளத்தை வெட்டி, ஒரு முனையில் நடுக்கம்பியையும் உறையையும் சேர்த்துப் பற்றவைத்து, மறு முனையை ‘டி’ இணைப்பு மூலம் 40 மீட்டர் ரேடியோவின் வெளிவாயில் சேர்க்க வேண்டும். 7.1-இல் இந்தத் துண்டு இருப்பதே தெரியாது. 14.2-இல் அதே துண்டு அரை அலைநீளமாகி, மறுமுனையிலுள்ள ஷார்ட்டை அப்படியே இந்த முனைக்குக் கொண்டுவந்து, ஹார்மோனிக்கை அங்கேயே உறையோடு சேர்த்துவிடும். 28 மெகாஹெர்ட்ஸிலும் அப்படியே.

இன்று காலை நான் வெட்டிய துண்டு வேலை செய்யவில்லை. காரைக்குடியில் கேபிள் டிவி சாமான் விற்கும் கடையில் கிடைத்த ஆர்ஜி-6 கேபிளை 6.97 மீட்டருக்கு வெட்டினேன். மாட்டியதும் எஸ்.டபிள்யூ.ஆர். (பொருத்தமின்மையால் ரேடியோவுக்குத் திரும்பும் அலையைக் காட்டும் எண்) 1.1-இலிருந்து 1.3-க்கு ஏறியது, ஹார்மோனிக் அசையவே இல்லை. நானோ விஎன்ஏ என்ற சிறு அளவுக்கருவியை இணைத்துப் பார்த்தபோது, துண்டு தடுக்கும் இடமான பள்ளம் 17.6 மெகாஹெர்ட்ஸில் விழுந்திருந்தது. டிவி கேபிளின் உள்ளே இருப்பது நுரை. அதன் வேகக் காரணி 0.82. எனக்குத் தேவைப்பட்டது 8.66 மீட்டர். நீளமாக வெட்டிக் குறைத்துக்கொண்டு வரலாம். குட்டையாக வெட்டிவிட்டால் அந்தத் துண்டு போனதுதான்.

2023 செப்டம்பர் 18, இரவு 8.20

9 மீட்டர் வெட்டி, பத்துப் பத்து சென்டிமீட்டராகக் குறைத்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு வெட்டுக்கும் முனையை மறுபடி பற்றவைக்க வேண்டும். அது பொறுமையைக் கேட்கும் வேலை. 8.68 மீட்டரில் பள்ளம் 14.17-இல் நின்றது. ஆழம் 20 டெசிபல். தடித்த ஆர்ஜி-213 கேபிளில் இழப்பு குறைவு என்பதால் அதில் 28 வரை எதிர்பார்க்கலாம். டிவி கேபிள் 75 ஓம் ஆயிற்றே என்று கேட்டவருக்கு: இந்த வேலைக்கு அதனால் கேடில்லை.

2023 செப்டம்பர் 24, காலை 6.50

விஎன்ஏவில் 20 டெசிபல் காட்டிய அதே துண்டு, ரேடியோவில் மாட்டியபோது 9 டெசிபல்தான் குறைத்தது. ஒரு வாரமாக இதுவே என் தலையைக் குடைந்துகொண்டிருந்தது.

காரணம் ‘டி’ இணைப்பு உட்கார்ந்திருந்த இடம். ஹார்மோனிக் அலைவரிசையில் ரேடியோவின் உள் ஃபில்டர் 50 ஓமாக இருப்பதில்லை; சில இடங்களில் அது தானே ஒரு ஷார்ட்டைப் போல நிற்கும். ஏற்கெனவே ஷார்ட்டாக இருக்கும் இடத்தில் இன்னொரு ஷார்ட்டைச் சேர்ப்பதால் பெரிய பயன் கிடைப்பதில்லை. ரேடியோவுக்கும் ‘டி’ இணைப்புக்கும் நடுவில் 14.2-க்குக் கால் அலைநீளமான 3.5 மீட்டர் திட பாலித்தீன் கேபிளைச் சேர்த்தேன். அந்த நொடியே 9 என்பது 23 ஆனது. உங்கள் ரேடியோவில் இந்த 3.5 மீட்டர் தேவைப்படாமலும் போகலாம், சேர்த்தால் மோசமாகவும் ஆகலாம். இரண்டு விதமாகவும் மாட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எப்படி அளந்தேன் என்று கேட்கிறீர்கள். 14.100 மெகாஹெர்ட்ஸில் உலகமெங்கும் 18 பீக்கன் நிலையங்கள் (அலை எங்கிருந்து எட்டுகிறது என்று பார்ப்பதற்காகத் தானாகவே ஒலிப்பவை) ஆளுக்குப் பத்து நொடியாக முறை வைத்து ஒலிக்கின்றன. மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். ஒவ்வொன்றும் தன் அழைப்புக்குறியை மோர்ஸில் அனுப்பிவிட்டு, 100 வாட், 10 வாட், 1 வாட், 0.1 வாட் என்று நான்கு நீண்ட கோடுகளை அனுப்பும். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் சரியாக 10 டெசிபல். செலவில்லாமல் வீட்டுக்கே வந்து சேரும் அளவுகோல் இது. ஹாங்காங்கின் வி.ஆர்.2.பி முடிந்ததும் கொழும்பின் 4.எஸ்.7.பி, அதன் பின் தென்னாப்பிரிக்காவின் இசட்.எஸ்.6.டி.என். பக்கத்து ரேடியோ மௌனமாக இருக்கும்போது எத்தனை கோடு கேட்கிறது, பேசும்போது எத்தனை கோடு மிஞ்சுகிறது என்று தாளில் குறித்துக்கொண்டால் போதும். கொழும்பு நமக்குப் பக்கம்தான். ஆனாலும் பக்கமாக இருப்பதாலேயே சில வேளைகளில் அலை நம் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடும். ஆகவே ஹாங்காங்கை வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு கடமையும் இருக்கிறது. 7.050-இல் பேசினால் அதன் ஹார்மோனிக் நேராக 14.100-இலும் 21.150-இலும் 28.200-இலும் விழுகிறது, மூன்றுமே பீக்கன் அலைவரிசைகள். சோதனைக்காக அந்த இடத்தில் பேசுவதானால் சக்தியை 5 வாட்டுக்கு இறக்கி, அலைவரிசை காலியாக இருக்கிறதா என்று கேட்டு, அழைப்புக்குறியைச் சொல்லி, சில நொடிகளில் முடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடுகளை நம்பி வேறு பலரும் காத்திருப்பார்கள்.

2023 அக்டோபர் 1, இரவு 9.00

இதுவரை எழுதியதெல்லாம் 40-இல் பேசி 20-இல் கேட்பதைப் பற்றியது. இன்று திருப்பிப் போட்டேன்: 20-இல் பேசி 40-இல் கேட்டேன். நோயே வேறாக இருந்தது. ஹார்மோனிக்குக்கு இங்கே இடமில்லை, ஏனென்றால் அது மேல்நோக்கித்தான் போகும். ஆனாலும் 7 மெகாஹெர்ட்ஸ் முழுவதும் ஒரே சீராக ‘ஸ்’ என்ற சீறல் எழுந்தது. மைக்கில் பேச்சு நின்றதும் நின்றது.

டிரான்ஸ்மிட்டரின் ஆஸிலேட்டரும் பெருக்கிகளும் உண்டாக்கும் அகன்ற இரைச்சல் அது. 40 மீட்டரில் பேசும்போது ரேடியோவுக்குள் இருக்கும் லோபாஸ் ஃபில்டர், மேலே போகும் இரைச்சலை ஹார்மோனிக்கோடு சேர்த்துப் பெருமளவு தடுத்துவிடுகிறது. 20-இல் பேசும்போது கீழே 7 மெகாஹெர்ட்ஸுக்குப் போகும் இரைச்சலுக்கு அதே ஃபில்டர் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. அது தாழ்ந்தவற்றை விடுவதற்காகவே கட்டப்பட்டது. ஒரு ஹெர்ட்ஸுக்கு மைனஸ் 140 டெசிபல் என்ற அளவில் இரைச்சல் கொண்ட ரேடியோவை எடுத்துக்கொள்வோம். 2.4 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் அது 34 டெசிபல் கூடும். அதாவது மைனஸ் 106. 100 வாட்டின் 50 டிபிஎம்-இலிருந்து கணக்கிட்டால் மைனஸ் 56 டிபிஎம். ஆன்டெனா இழப்பு 40 போனால் மைனஸ் 96. எஸ் மீட்டரில் அது எஸ்5. பகலில் எங்கள் ஊரில் 40 மீட்டரின் இயல்பான இரைச்சல் எஸ்3. மெல்லிய குரலில் வரும் நிலையங்கள் அனைத்தும் அந்தச் சீறலுக்கு அடியில் போய்விடுகின்றன.

மருந்து அதே நீளக் கேபிள் துண்டுதான். இம்முறை 20 மீட்டர் ரேடியோவின் வெளிவாயில், மறுமுனையைப் பற்றவைக்காமல் திறந்து விட வேண்டும். 7-இல் அது ஷார்ட்டாகும். 14-இல் காணாமல் போகும். ஒரே நீளத்தில் இரண்டு துண்டு: 40-க்கு மூடியது, 20-க்குத் திறந்தது. திறந்த துண்டு இன்னொரு உபகாரமும் செய்கிறது. பக்கத்தில் 40-இல் பேசும்போது இந்த ரிசீவருக்குள் நுழையும் 7 மெகாஹெர்ட்ஸ் வெள்ளத்தையும் அதுவே வாசலில் நிறுத்திவிடுகிறது.

2023 அக்டோபர் 2, காலை 6.30

நேற்று எழுத விட்டது: 40-க்கு மாட்டிய மூடிய துண்டு 21 மெகாஹெர்ட்ஸைத் தொடாது. அங்கே அது முக்கால் அலைநீளம் என்பதால் மீண்டும் காணாமல் போய்விடும். 15 மீட்டரில் கேட்பவர்கள் இதை நம்பக் கூடாது. முறையான பேண்ட்பாஸ் ஃபில்டர் வேண்டும். அதை டிரான்ஸ்மிட்டர் பக்கம் மாட்டும்போது 100 வாட்டைத் தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள். பேண்டை மாற்றிய பிறகு ஃபில்டரை மாற்ற மறந்து பேசினால், எஸ்.டபிள்யூ.ஆர். எகிறி ஃபில்டரின் மின்தேக்கிகள் கருகும். என் ஃபில்டரில் ஒன்று கருகியது. வீடு முழுவதும் அந்த வாடை அன்றிரவு போகவில்லை. இப்போது பேண்டின் எண்ணைச் சிவப்பு அட்டையில் எழுதி, மைக்கின் கழுத்திலேயே தொங்கவிட்டிருக்கிறேன்.

2023 அக்டோபர் 8, மாலை 5.30

ஆன்டெனா. செப்டம்பர் 10-ஆம் தேதிக் குறிப்பில் 40 டெசிபல் இழப்பு என்று வைத்துக் கணக்குச் சொன்னேன். அது மிகத் தாராளமான எண். இன்று இரு கேபிள்களையும் விஎன்ஏவில் மாட்டி 7.1-இல் அளந்தேன். இணையாக, 12 மீட்டர் இடைவெளியில், தேவகோட்டை நண்பர் வைத்திருப்பது போலவே கட்டியிருந்த என் டைபோல்களுக்கு இடையில் 20 டெசிபல்தான் இருந்தது. அப்படியானால் என் கணக்கில், குறைந்தது 7 மெகாஹெர்ட்ஸில் விழும் தொந்தரவாவது நான் எழுதியதைவிட 20 டெசிபல் அதிகம்.

டைபோல் தன் அகலப் பக்கத்தில் நன்றாகப் பேசும். முனை நோக்கும் திசையில் மிகக் குறைவாகப் பேசும். இரண்டு டைபோல்களை ஒரே நேர்க்கோட்டில், முனைக்கு முனை பார்க்கும்படி கட்டினால் ஒன்றையொன்று குறைவாகவே கேட்கும். இதற்குச் செட்டிநாட்டு வீட்டைப் போலத் தோதான இடம் வேறில்லை. எங்கள் ஐயா காலத்து வீடு ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்வாசலுமாக 55 மீட்டர் நீள்கிறது. முகப்பு மெத்தையின் மேல் 20 மீட்டர் நீளமுள்ள 40 மீட்டர் டைபோல். பட்டாலையும் வளவும் இரண்டாம் கட்டும் கடந்து, அடுப்படிக் கூரையின் மேல் 10 மீட்டர் நீளமுள்ள 20 மீட்டர் டைபோல். இரண்டும் ஒரே கோட்டில், நடுவே 25 மீட்டர் வெளி.

வீடு பதினொரு பங்காளிகளுக்குப் பொது. பர்மா தேக்கில் ஓர் ஆணி அடிப்பதற்கும் ஊர் ஊராகப் பேசிச் சம்மதம் பெற வேண்டும் என்பதால், ஆணியே இல்லாமல் நைலான் கயிற்றாலும் மூங்கிலாலும் கட்டினேன். ஓட்டின் மேல் நடப்பதற்குப் பழகிய கொத்தனார் ஒருவரை அழைத்துக்கொண்டேன். அந்த நாட்டு ஓடு ஒன்று உடைந்தால் அதே அளவில் மாற்று ஓடு கிடைப்பது எளிதன்று.

முனைக்கு முனை கட்டிய பிறகு அளந்தது 27 டெசிபல். நான் இன்னும் அதிகம் எதிர்பார்த்தேன்.

2023 அக்டோபர் 15, இரவு 9.45

எதிர்பார்த்தது கிடைக்காததற்குக் காரணம் ஆன்டெனா அன்று, கேபிளின் வெளியுறை. டைபோலின் நடுவில் சமநிலை இல்லாவிட்டால், கோஆக்ஸின் உறைக்கு வெளிப்புறமாக ஒரு மின்னோட்டம் ஓடி, கேபிளே மூன்றாவது ஆன்டெனாவாகிவிடுகிறது. அது செங்குத்தாகத் தொங்குவதால், முனைக்கு முனை என்று நாம் பார்த்துப் பார்த்துக் கட்டிய ஒழுங்கு அதற்குப் பொருட்டே இல்லை.

அந்த மின்னோட்டத்தைத் தடுக்க, 31 வகைக் கலவையில் செய்த 2.4 அங்குல ஃபெரைட் வளையத்தில், மெல்லிய கோஆக்ஸை 12 சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு டைபோலின் நடுவிலும் ஒன்றைச் சேர்த்தேன். 27 என்பது 37 ஆனது. ஃபில்டர்களுக்கு முன்பே இதைச் செய்திருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் தயவுசெய்து இதிலிருந்து தொடங்குங்கள்.

இரு ரேடியோக்களும் ஒரே மேசையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சோதனை. ரிசீவரின் ஆன்டெனாக் கேபிளைக் கழற்றிவிட்டு, அந்த வாயில் 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாக வைக்கும் மின்தடை) மாட்டிவிட்டுப் பக்கத்து ரேடியோவில் பேசுங்கள். அப்போதும் கரகரப்பு கேட்டால் அது ஆன்டெனா வழியாக வரவில்லை. ஒரே பவர் சப்ளை, ஒரே கணினி, ஒரே எர்த் கம்பி, ஹெட்போன் வயர் ஆகியவற்றில் ஏதோ ஒன்றின் வழியாக வருகிறது. என் மேசையில் அது பவர் சப்ளை. இரண்டு ரேடியோக்களுக்கும் தனித்தனியாக 12 வோல்ட் பேட்டரி வைத்ததும் டம்மி லோடில் கேட்டது முற்றிலும் நின்றது. எர்த்தை நம்பி இருந்தவர்களுக்கு ஒரு சொல்: நம் செம்பாறை மண்ணில் கோடையில் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் ஈரம் கிடைப்பது அரிது. இரு ரேடியோக்களின் உலோகப் பெட்டிகளையும் குட்டையான, அகலமான செம்புப் பட்டையால் ஒன்றோடொன்று இணைப்பதே இரைச்சலுக்குப் பயன்படும். மண்ணுக்குள் போகும் எர்த், இடி மின்னலுக்கும் பாதுகாப்புக்கும் உரியது. அதை வேறாக முறையாகச் செய்ய வேண்டும். ஐப்பசி பிறக்கப்போகிறது. மேகம் கறுத்தால் கேபிள்களைக் கழற்றி வெளியே எடுத்துவிடுங்கள்.

2023 அக்டோபர் 29, காலை 11.20

21 மெகாஹெர்ட்ஸில் ஒரு தொந்தரவு இரண்டு வாரமாகப் போகவில்லை. 40-இல் பேசும்போது 15 மீட்டரில், 21.270-ஐச் சுற்றி, நிலையில்லாமல் ஏறி இறங்கும் கரகரப்பு. டிரான்ஸ்மிட்டர் வாயில் பேண்ட்பாஸ் ஃபில்டர் இருக்கிறது. ரிசீவர் வாயிலும் இருக்கிறது. டம்மி லோடில் சுத்தமாக மௌனம். இரண்டு ரேடியோக்களிலும் குறை இல்லாமல் ஹார்மோனிக் மட்டும் எங்கிருந்தோ பிறந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காற்று பலமாக அடித்தபோதுதான் சந்தேகம் வந்தது. காற்று அடிக்கும்போதெல்லாம் கரகரப்பு குதித்தது. முந்தைய இரவு மழை பெய்தபோது அது ஏறத்தாழ மறைந்தே போயிருந்தது.

வளவு முற்றத்தின் மேலே, திருடனும் குரங்கும் இறங்காமலிருக்கப் போட்ட கம்பி அழி இருக்கிறது. 40 மீட்டர் டைபோலின் ஒரு முனை அதற்கு மிகப் பக்கத்தில் போகிறது. இரும்புக் கம்பிகள் ஒன்றின்மேல் ஒன்று உரசும் இடங்களில் துரு ஏறியிருந்தது. இரண்டு இரும்புகளுக்கு நடுவில் துரு நின்றால் அது ஒரு மோசமான டையோடைப் போல நடந்துகொள்ளும். பக்கத்திலிருந்து வரும் 7 மெகாஹெர்ட்ஸ் மின்னோட்டத்தை வாங்கி, வளைத்து, 21-ஆக்கி, அந்த அழியையே ஆன்டெனாவாகக் கொண்டு வெளியே விடும். டிரான்ஸ்மிட்டரின் வாயில் எத்தனை ஃபில்டர் இருந்தாலும் இதைத் தடுக்க வழியில்லை. இந்த ஹார்மோனிக் பிறப்பதே ஃபில்டருக்கு வெளியில்தான்.

மனைவியைத் தாழ்ந்த சக்தியில் மோர்ஸ் சாவியை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு (அவரும் உரிமம் பெற்றவர்), நான் ரிசீவரின் ஒலியைப் பெருக்கி முற்றத்தின் ஓரத்தில் வைத்தேன். பிறகு ஒட்டடைக் கம்பை எடுத்து அழியின் ஒவ்வொரு இணைப்பையும் மெல்ல அழுத்திக்கொண்டே போனேன். ஏழாவது கம்பியும் குறுக்குப் பட்டையும் சேரும் இடத்தை அழுத்தியதும், கரகரப்பு கத்தியால் வெட்டியது போல நின்றது. கம்பை எடுத்தேன், வந்தது. அழுத்தினேன், நின்றது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில், அண்ணாந்து கம்பைப் பிடித்தபடியே பத்து முறையாவது செய்து பார்த்திருப்பேன்.

இரும்பைத் துளைக்கப் பங்காளிகளிடம் கேட்க வேண்டும் என்பதால், அந்த இணைப்பின் இடுக்கில் சைக்கிள் டியூப்பை நான்காக மடித்துச் செருகி இரண்டையும் தொடாமல் பிரித்தேன். சந்தேகத்துக்குரிய இன்னும் மூன்று இணைப்புகளுக்கும் அப்படியே. பிறகு டைபோலின் அந்த முனையை இரண்டு மீட்டர் தள்ளிக் கட்டினேன்.

அக்டோபர் 2-ஆம் தேதிக் குறிப்பில், 15 மீட்டருக்கு முறையான ஃபில்டர் வேண்டும் என்று எழுதினேன். அது சரி, ஆனால் அது மட்டும் போதாது. பழைய வீடுகளில் தகரக் கூரை, கொடிக்கம்பி, மழைநீர்க் குழாய், தண்ணீர்த் தொட்டி ஏணி என்று இரும்பு உரசும் இடமெல்லாம் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

2023 நவம்பர் 5, இரவு 8.00

செயற்கைக்கோள் வழியாகப் பேசுபவர் ஒருவர் கேட்டதற்கு: 145 மெகாஹெர்ட்ஸில் மேலே அனுப்பி 435-இல் கீழே கேட்டால், 145-இன் மும்மடங்கு நேராக 435-இல் விழுகிறது. டிரான்ஸ்மிட்டர் பக்கம் லோபாஸ், ரிசீவர் பக்கம் ஹைபாஸ், இரு ஆன்டெனாக்களுக்கும் இயன்ற தூரம். மற்றபடி மேலே எழுதியதே.

2023 நவம்பர் 19, இரவு 9.15

இவ்வளவு பாடு எதற்கு, ஒரு ரேடியோ போதாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கஜா புயல் கரையேறிப் புதுக்கோட்டையைச் சின்னாபின்னமாக்கியது. அந்த வாரம் எங்கள் உறவினர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளவே எனக்கு மூன்று நாள் ஆயிற்று. ஒரு ரேடியோ மாநிலத்துக்குள் பேசிக்கொண்டிருக்கும்போதே, இன்னொன்று வெளியூரிலிருந்து வரும் மெல்லிய அழைப்புக்காகக் காது கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒன்று பேசும்போது மற்றொன்று செவிடானால், தவறவிட்ட அழைப்பு யாருடையது என்று நமக்குத் தெரியவே வராது.

அதே கேள்வியின் இரண்டாம் பாதி: இரண்டையும் 40 மீட்டரிலேயே இயக்க முடியுமா? 7.060-க்கும் 7.150-க்கும் நடுவில் நுழையும் அளவுக்குக் கூர்மையான ஃபில்டர் சாதாரணமாக நமக்குக் கிடைக்காது. கேபிள் துண்டும் உதவாது. இங்கே மிஞ்சுவது ஆன்டெனாக்களின் தூரமும் திசையும், இரைச்சல் குறைந்த ஆஸிலேட்டர் உள்ள ரேடியோவும்தான். மோர்ஸ் அனுப்புபவர்கள் சாவியின் எழுச்சி நேரத்தை 2 மில்லிநொடியிலிருந்து 5 அல்லது 6-க்கு உயர்த்தினால், டக் டக்கென்று பக்கத்து அலைவரிசைகளில் தெறிக்கும் ஒலி குறையும். குரலில் பேசுபவர்கள் மைக் கெயினைக் குறைக்க வேண்டும். 100 வாட்டை 25 வாட்டாக்கினால் கேட்பவருக்கு ஓர் எஸ் புள்ளி மட்டுமே குறையும். அதற்கும் மேல் முடியாதபோது, ஒன்று பேசும்போது மற்றொன்று பேசாதபடி பூட்டு வைத்து, கேட்கும் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

2024 ஜனவரி 7, காலை 7.40

தேவகோட்டை நண்பர் ஃபெரைட் வளையங்களைச் சேர்த்து, டைபோல்களை ஒரே கோட்டுக்குத் திருப்பி, மூடிய துண்டை 40 மீட்டர் ரேடியோவில் மாட்டியிருக்கிறார். ஃபில்டர் இன்னும் வாங்கவில்லை. இப்போதைக்குத் தேவைப்படவில்லை என்கிறார். அவருடைய மொட்டைமாடி குட்டை என்பதால் இரு டைபோல்களின் முனைகளுக்கும் இடையில் ஆறு மீட்டர்தான் கிடைத்தது. அப்படியிருந்தும் இழப்பு 20-க்கு மேலே ஏறியிருக்கிறது.

இங்கே இன்று காலை, முகப்பில் 7.090-இல் 100 வாட்டில் நான் பேசிக்கொண்டிருக்க, அடுப்படிப் பக்கத்து அறையில் மனைவி 14.100-இல் கேட்டுக் கோடுகளைக் குறித்தார். ஹாங்காங்: 100 வாட் கேட்டது, 10 வாட் கேட்டது, 1 வாட் இரைச்சலுக்குச் சற்று மேலே கேட்டது, 0.1 வாட் கேட்கவில்லை. நான் பேச்சை நிறுத்திவிட்டு அடுத்த மூன்று நிமிடச் சுற்றில் மீண்டும் குறிக்கச் சொன்னேன். 1 வாட் கேட்டது, 0.1 வாட் அப்போதும் கேட்கவில்லை.